தங்கக் கரைக் கோப்பை

ஒக்லாந்தின் தகனினிப் பகுதியில் மச்சாளின் வீட்டில் தேநீர் எதில் வருகிறது என்பதை வைத்தே அந்த வீட்டுக்கு நீங்கள் என்ன முறை என்று சொல்லிவிடலாம். மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், தங்கக் கரையும் சின்ன ரோசாப்பூவும் போட்ட கோப்பைகள் சோசர்களோடு இருக்கும். டொக்டர்மார், மகனின் அலுவலகத்து ஆட்கள், கலியாணம் பேச வருகிறவர்கள் ஆகியோருக்கு அவை கீழே இறங்கும். கோயில் ஐயருக்கு மட்டும் சில்வர் தம்ளர். அவர் அண்ணாந்துதான் குடிப்பார். கோயிலில் கண்டு பழகிய சனத்துக்கு ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகள். வீட்டு ஆட்களுக்குச் சமையலறைக் கொக்கிகளில் தொங்கும் மக்குகள். ஒன்றில் வங்கியின் விளம்பரம், ஒன்றில் பூனைப் படம், ஒன்றில் கைபிடி உடைந்து ஒட்டிய தழும்பு. ஒன்றோடு ஒன்று சேராது.

அந்தக் கொக்கிகளில் ஒன்று எனக்கு. மண்ணிற மக். விளிம்பில் சின்னதாக ஓர் உடைவு. அந்தப் பக்கத்தில் வாய் வைக்காமல் குடிக்க வேண்டும் என்பது எனக்கும் மச்சாளுக்கும் மட்டும் தெரியும். நியூசிலாந்துக்கு வந்த புதிதில் நாங்கள் அவர் வீட்டில்தான் தங்கினோம். முதல் நாள் காலையில் அவர் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தேநீர் ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகு அது என்னுடையதாகிவிட்டது. ஹில்ஸ்பரோவில் வீடு எடுத்துப் போன பின்னும் அது அங்கேயே தொங்கியது. நான் போனால் மச்சாள் கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடப்பார்.

"தேத்தண்ணி வேணுமெண்டால் போட்டுக் குடி பிள்ளை. அப்பிடியே எனக்கும் கொண்டா."

அவ்வளவுதான் வரவேற்பு. அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கடைக்காரனுக்கு, பஸ் சாரதிக்கு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு என்று நாள் முழுக்க நன்றி சொல்லி வாய் உளைந்தவளுக்கு, அங்கே போனால் பெரிய ஆறுதலாக இருக்கும்.

என் வேலை எல்லர்ஸ்லியில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில். வீட்டுச் சாமான் நனைந்தது, எரிந்தது, உடைந்தது என்று வருகிற கோரிக்கைகளைப் பார்க்க வேண்டும். ஒரு பெருமழைக்குப் பிறகு, வெள்ளம் புகுந்த வீடு ஒன்றிலிருந்து பழைய பீங்கான் விருந்துச் செட் ஒன்றுக்கான கோரிக்கை என் மேசைக்கு வந்தது. சேற்றுக்குள்ளிருந்து எடுத்த தட்டுகளின் படங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவை. மதிப்புப் போடுவதற்காகப் பீங்கானைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கோரிக்கை முடிந்துபோனது. என் வாசிப்பு முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ரக்பி பற்றிக் கதைக்க, நான் ஐரோப்பிய அரண்மனைகளின் சாப்பாட்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ராசாக்களுக்குப் பீங்கான் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. ஒருவர் தன் குதிரைப்படை வீரர்களை அப்படியே பக்கத்து ராசாவுக்குக் கொடுத்துவிட்டுச் சீனத்து ஜாடிகளை வாங்கினார். அதே ஆள், பொன் செய்து தருகிறேன் என்று சொன்ன இரசவாதி ஒருவனைப் பிடித்து அடைத்துவைத்தார். அவனுக்குப் பொன் வரவில்லை. பீங்கான்தான் வந்தது. ராசாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாப்பாட்டுக்கு வெள்ளித் தட்டு, கடைசியில் இனிப்புக்குப் பீங்கான். நடுவில் பீங்கானில் செய்த ஆட்டிடையர்களும் தேவதைகளும் வரிசையாக நிற்பார்கள். யார் எந்த இடத்தில் இருப்பது, யாருக்கு முதுகு சாயாத முக்காலியாவது உண்டு, யார் நின்றுகொண்டே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சட்டம். பிரெஞ்சு ராசா ஒருவர் ஊர் பார்க்கச் சாப்பிடுவாராம். கூட்டம் சுற்றி நிற்கும். எல்லாரும் பார்க்க அவர் மெல்லுவார். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு பீங்கானை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து ஒரு வாய் சாப்பிட ஆளில்லாத சீவியம்.

வீட்டுக்கு வந்து இவருக்கு இதையெல்லாம் சொல்வேன். இவர் என்றால் என் கணவர். எழுதும்போதும் எனக்கு அந்தச் சொல்தான் வருகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் இருவரும் காரை எடுத்துக்கொண்டு ஒப் ஷொப்புகளுக்குப் போவோம். இறந்தவர்களின் வீட்டுச் சாமான்களெல்லாம் கடைசியில் அந்தப் பழைய சாமான் கடைகளுக்குத்தான் வந்துசேரும். அப்படி ஒரு கடையில் கடும் நீலக் கரையும் மெல்லிய தங்கக் கோடும் போட்ட ஆங்கிலேயத் தட்டொன்று கிடைத்தது. பிறகு வேறோர் ஊர்க் கடையில் அதே வகையில் இன்னொன்று. விட்டேனா? வருடக்கணக்காகத் தேடித் தேடி ஒரு மேசைக்குக் காணுமளவுக்குச் சேர்த்தேன்.

"எந்த ராசா வாறார் எண்டு இவ்வளவும்?" என்று இவர் கேட்பார். அவர் சாப்பிட்டது கடைசிவரை ஒரு மெலமைன் தட்டில். அதில் கத்தி கீறாத இடமில்லை.

ராசா வரவில்லை. இவர் போய்விட்டார். காலையில் சவரம் செய்யப் போனவர் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழிந்து ஆட்டைத் திவசம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவுக்குப் படைத்து, உறவுகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இங்கே எங்கள் சனம் பொதுவாக இறந்தவரின் படத்துக்கு முன்னால் படைப்பதற்கு ஒரு வாழையிலையைத் தேடி வாங்கும். வந்தவர்களுக்குக் கடதாசித் தட்டு. சாப்பிட்டதும் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிடலாம், வசதி. எனக்கு அது பொறுக்கவில்லை. இவருடைய பெயரில் போடுகிற சோற்றைக் கடதாசியில் போட்டுக் குப்பையில் எறிவதா? நாங்கள் இருவரும் மழையிலும் வெயிலிலும் திரிந்து சேர்த்த செட் அலுமாரியில் சும்மா இருக்கிறது. இன்றைக்கு இல்லாமல் வேறு எதற்கு? மேசையை இழுத்துப் பெரிதாக்கி, தட்டுகளைத் துடைத்து வைத்தேன். நீலக் கரையில் வெயில் பட்டது. வடிவாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்கிறேன்.

ஐயர் படையலை முடித்துக்கொண்டு போனார். மச்சாளும் மகனும் மருமகளும் மேசைக்கு வந்தார்கள். மச்சாள் சுத்த சைவம். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. தட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி இருந்திருந்தால் சிரிச்சிருப்பான்" என்றார். அவர் கண் கலங்கியது. நானும் அழுதேன். அழுதுகொண்டே பருப்பும் நெய்யும் விட்டேன். அந்த வருடம் முழுவதிலும் அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை. மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், என் கையால் சாப்பிட்டார்கள்.

மருமகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த நாட்டில் சைவமாக இருக்கிற எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்ப்பாள். பிஸ்கட்டில் ஜெலற்றின் இருக்கிறதா, தயிரில் என்ன கலந்திருக்கிறது, சீஸில் கன்றின் குடல் சேர்ந்திருக்கிறதா என்று பின்பக்கத்தை வாசிக்காமல் எதுவும் அவள் வீட்டுக்குள் வராது. வடைக்கென்று வைத்த சின்னத் தட்டை எடுத்தவள், கைப்பழக்கத்தில் திருப்பினாள்.

"மாமி, இதிலை போன் சைனா எண்டு போட்டிருக்கு. போன் எண்டால், எலும்போ?"

அது வெறும் பெயர் என்று சொல்லியிருக்கலாம். யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஆனால் வாசித்துத் தெரிந்துகொண்டதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் என் வாய் சும்மா இராது. ஒரு வருடமாக வீட்டில் கேட்க ஆளில்லாமல் எல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"ஓம். மாட்டெலும்பை எரிச்சுச் சாம்பலாக்கிக் களிமண்ணோடை கலக்கிறது. இங்கிலீசுக்காரன் கண்டுபிடிச்ச வித்தை. அதாலைதான் இவ்வளவு வெள்ளை. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, விரல் தெரியும்."

பிடித்தும் காட்டினேன். தட்டின் வழியே என் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் மச்சாளைக் கவனித்தேன். அவர் கை பிசைந்த சோற்றில் அப்படியே நின்றிருந்தது.

"திவசச் சாப்பாடல்லோ" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார்.

"அம்மா, சாம்பல்தானே. இப்ப என்ன?" என்று மகன் சொன்னான்.

"நீ சும்மா இரு."

மருமகளும் எழுந்தாள். பிறகு மகனும். சோறும் கறியும் தட்டுகளில் மிஞ்சிக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது. மாட்டுச் சாணத்தைச் சுட்ட சாம்பலை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், எலும்புச் சாம்பல் மட்டும் ஆகாதோ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இவரின் படத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். வாசலில் சப்பாத்துப் போடும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னை முதன்முதலாக நீங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான். அவர்களின் கார் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, எல்லாத் தட்டுகளையும் வழித்துக் கழுவினேன். அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு அதுதான் வேலை.

சில வாரங்கள் கழித்துத் தகனினிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை, மோட்டார்வேயில் கார்கள் ஊர்ந்தன. மச்சாள் கதவைத் திறந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு போகவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"வாங்கோ, வாங்கோ. மழைக்குள்ளை வந்திருக்கிறியள். இருங்கோ."

சோபாவில் இருந்தேன். சமையலறைக்குப் போக எழுந்தால், "நீங்கள் இருங்கோ, ஏன் கரைச்சல்படுறியள்" என்று மருமகள் உட்காரவைத்தாள். கண்ணாடி அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வேறு யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். தட்டத்தில் தேநீர் வந்தது. மச்சாளுக்கு வங்கி விளம்பரம் போட்ட மக், மருமகளுக்குப் பூனை. எனக்குத் தங்கக் கரைக் கோப்பை, சோசரும் ஒரு சின்னக் கரண்டியும்.

அந்த அரண்மனைகளில் இப்படி ஒரு கோப்பைக்காகச் சீமாட்டிகள் தவம் கிடந்திருப்பார்கள். ராசா கையால் பீங்கான் வந்தால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு. ஆனால் ராசாக்கள் பீங்கானைப் பரிசாகக் கொடுத்தது பெரும்பாலும் யாருக்கு என்று வாசித்திருக்கிறேன். வெளிநாட்டுத் தூதுவர்களுக்கு. தூதுவர் என்றால் எவ்வளவு மரியாதை செய்தாலும் ஒருநாள் தன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியவர். நான் கோப்பையைச் சத்தமில்லாமல் சோசரில் வைத்தேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு கவனமாகத் தேநீர் குடித்தது கிடையாது.

ஒரு தடவை என்றால் மறதி என்று சொல்லலாம். அடுத்த முறையும் அதே கோப்பை. அதற்கடுத்த முறையும். பலகாரம் வேறு, நாப்கின் வேறு. கதையும் வேலை எப்படி, வீட்டில் ஹீட்டர் வேலை செய்கிறதா, மழை எப்போது விடும் என்று விருந்தாளிக் கதையாகிவிட்டது. இவரைப் பற்றி மச்சாள் கதைப்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் தம்பி சின்ன வயதில் கிணற்றடியில் செய்த குழப்படிகளை ஆயிரம் தடவை சொன்னவர். அந்தக் கதைகளைக் கேட்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனேன். இவரைச் சின்னப் பையனாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இந்த நாட்டில் என்னையும் பிள்ளை என்று கூப்பிட அவரை விட்டால் யாருமில்லை. நான் இன்னும் அந்த வீட்டு ஆள்தானா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

ஒருநாள் மச்சாள் சாமியறைக்குப் போயிருந்த நேரம், கோப்பையைக் குடித்து முடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். வேலைப் புத்தி. அடியில் பச்சை எழுத்தில், கீறல்கூட இல்லாமல் இருந்தது: போன் சைனா.

முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். மருமகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமி. திவசம் முடிஞ்சு வந்த அண்டைக்கே நான் திருப்பிப் பார்த்திட்டன். குடிபூரலுக்கு ஆரோ தந்தது. அவ உதிலை குடிக்கிறேல்லைத்தானே எண்டு விட்டிட்டன்."

"ஓம்" என்றேன்.

ஆக, எலும்பு என்று தெரிந்தும், வெளியாட்கள்தானே குடிப்பது என்று மருமகள் விட்டிருக்கிறாள். எலும்பில் சோறு போட்டவளுக்கு எலும்பில் தேத்தண்ணி. மச்சாள் சாமியறையிலிருந்து திருநீறு பூசிக்கொண்டு வந்து எதிரில் இருந்தார். ஒரு வார்த்தை போதும். உங்கள் அலுமாரியிலும் இதுதான் இருக்கிறது மச்சாள் என்று சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடும். அன்றைக்கு என் மேசையில் வாயை அடக்காதவள், இங்கே அடக்கிக்கொண்டேன். சொன்னால் அந்தக் கோப்பைகள் வீட்டை விட்டுப் போய்விடும். சின்ன வயதிலிருந்து காத்த சைவம் தன் வீட்டிலேயே போய்விட்டது என்று அவர் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடப்பாரோ. நான் ஒரு மேசையிலிருந்து ஆட்களை எழுப்பியது போதும். நல்ல தேத்தண்ணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலையில் எங்களுக்கு ஒரு தலையிடி பிடித்த விதி உண்டு. ஒரு செட்டில் ஒன்று உடைந்தால் மிச்சத்தை என்ன செய்வது? உடைந்த ஒன்றுக்கு மட்டும் பொறுப்பெடுப்பதா, இனி அது செட் இல்லை என்று முழுவதையும் சேர்ப்பதா? வாடிக்கையாளர்கள் அழுவார்கள். தனியே மிஞ்சின சோசரை என்ன செய்ய என்று கேட்பார்கள். நான் விதியை வாசித்துக் காட்டுவேன். அந்த மாதங்களில் அதை வாசிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இவரின் கீறல் விழுந்த மெலமைன் தட்டில் சோற்றைப் போட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சாப்பிடுவேன். நீலக் கரைத் தட்டுகளைத் திவசத்துக்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

கடைசியில் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கண்ணாடி அலுமாரியின் கதவில் கை வைக்கும்போது கேட்டேன்.

"எனக்கு அந்த மண்ணிற மக்கே காணும் பிள்ளை. அங்கை கொக்கியிலை தொங்குதல்லோ."

மருமகள் மச்சாளைப் பார்த்தாள். மச்சாள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்த உடைஞ்சதோ? அதிலை எப்பிடித் தாறது?" என்றார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையாகவே கூச்சம், நடிப்பில்லை. "உங்களுக்கு அது அவ்வளவு விருப்பமோ?"

"ஓம் மச்சாள். சரியான விருப்பம்."

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. நான் கேட்பது மக்கை இல்லை, அந்தக் கொக்கியை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கும் தங்கக் கரைதான் வந்தது. என்றாலும் அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. காரில் வரும்போது எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. மங்கரே பாலத்தைத் தாண்டும்போது பாட்டுக்கூடப் போட்டேன்.

அந்தக் கிழமையே ஒரு காலை, நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். மணி அடித்தது. மச்சாள் வாசலில் நின்றார். மகன் தெருவில் கார் எஞ்சினை நிறுத்தாமல் இருந்துகொண்டு கை காட்டினான். இவர் போனபிறகு மச்சாள் என் வீட்டுக்கு வந்தது திவசத்துக்கு மட்டும்தான்.

"உள்ளை வாங்கோ மச்சாள். பிளேன்ரீ போடுறன், சில்வர் தம்ளரும் இருக்கு."

"இன்னொரு நாளைக்கு. இவனுக்கு வேலைக்குப் போகோணும்." கைப்பையிலிருந்து விளம்பரக் கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். "நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டியள். எனக்கு மனம் கேக்கேல்லை. அங்கை சும்மாதானே தொங்கிக்கொண்டிருந்தது. புளி போட்டு வடிவாத் தேச்சுக் கழுவியிருக்கிறன். வைச்சிருங்கோ."

அவர் சிரித்தார். நல்ல மனத்தோடுதான் தந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் காரில் ஏறும்வரை நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறையில் கடதாசியைப் பிரித்தேன். உள்ளே வருடக்கணக்காகப் பிடித்திருந்த தேநீர்க் கறை இல்லை. புதிய மக் மாதிரி இருந்தது. விளிம்பின் உடைவு மட்டும் அப்படியே. என் வீட்டில் கொக்கி கிடையாது. நீலக் கரைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து அலுமாரியைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறும் தகனினிக்குப் போனேன். போகாமல் எங்கே போவது? மச்சாள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். சோபாவிலிருந்து பார்த்தால் சமையலறைக் கொக்கிகள் தெரியும். என் கொக்கியில் பச்சை நிறத்தில் ஒரு புது மக் தொங்கியது. தட்டத்தில் தங்கக் கரைக் கோப்பை வந்தது. மச்சாள் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

"நன்றி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.